வலப்பக்கம் சாய்ந்த முள்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பல் பிடுங்கிய பள்ளத்தில் நாக்கு போய்ப் போய் நிற்கிறது, அது தவிர வேறு குறை இல்லை. மாமா வந்து பேசவே இல்லை என்று பாப்பாவுக்கு என்மேல் கோபம் இருக்கும். கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தவன் என்ன பேசுவான்? அடுத்த முறை வந்து வட்டியோடு பேசுகிறேன் என்று சொல்.

இங்கே ஒரு வம்பு. வந்த மறுநாள் துப்பாக்கியை எடுத்துப் பலகையில் சுட்டுப் பார்த்தேன். நடுவில் குறிவைத்தால் குண்டு இடது ஓரத்தில் போய் விழுகிறது. கண்ணில் கோளாறோ என்று பயந்துவிட்டேன். பிறகு பார்த்தால், குழல் நுனியில் குறி பார்க்க நிற்குமே அந்த முள், வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. நான் லீவில் போகும்போது நேராக இருந்தது.

இந்தக் காட்டுக் காவல் குடிசையில் இருப்பது நானும், தாடி என்று நாங்கள் கூப்பிடும் மூத்த காவலரும் மட்டும். "துப்பாக்கி கீழ ஏதும் விழுந்துச்சா?" என்று கேட்டேன். "நான் எங்கயும் கொண்டு போகலப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டார். விழுந்ததா என்று கேட்டால் கொண்டு போகவில்லை என்பானேன்? அன்றிலிருந்து நான் துப்பாக்கியைத் தொடும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்க்கிறார்.

ரேஞ்சரிடம் சொன்னேன். அவர் தங்கமான மனிதர். "மேலிடத்துலேருந்து எல்லாத் துப்பாக்கியையும் பார்க்க வர்றாங்க. கோணலா இருந்தா உனக்குத்தான் மெமோ. நீ துப்பாக்கிக் கடை வீட்டுப் பையன்தானே, சத்தமில்லாம நீயே நிமிர்த்திடு" என்றார்.

நிமிர்த்தலாம். ஆனால் இங்கே குழலை இறுக்கிப் பிடிக்க வைஸ் இல்லை, ஸ்பேனர் இல்லை. ஒரு சுத்தியல், ஓர் அரம், கதவுத் தாழ்ப்பாளில் கொஞ்சம் பித்தளை, அவ்வளவுதான். அப்பா கடையை உன்னிடம் கொடுத்தார், எனக்குக் காட்டைக் கொடுத்தார். ஆகவே வழி சொல்ல வேண்டியது உன் பொறுப்பு. போனில் கேட்கலாம் என்றால் சிக்னல் இல்லை. ஜீப் வரும்போது பதில் வந்துவிட்டால் நல்லது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி


ஜூன் 14

பாசமுள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளத்தில் நாக்கை விடாதே, உப்புத் தண்ணீரில் கொப்பளி. நான் சொல்லி நீ என்றைக்குக் கேட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

முள் சாய்ந்தால் உடனே தட்டக் கூடாது. முள் சாய்ந்திருக்கிறதா, முள்ளைத் தாங்கும் குழலே திரும்பியிருக்கிறதா என்று முதலில் பார். இரண்டும் வேறு நோய், மருந்தும் வேறு.

கதவு நிலையில் நூல் கட்டி, கீழே ஒரு கல்லைத் தொங்கவிடு. துப்பாக்கியை மணல் மூட்டைமேல் வை. முதுகுப் பக்கத்துத் தட்டையான இடத்தில் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. சொட்டு எந்தப் பக்கமும் ஓடாமல் நின்றால் உடல் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு பின்னால் நின்று முள்ளை நூலோடு ஒப்பிட்டுப் பார்.

அடுத்து, குழல் உடலுக்குள் திருகி உட்காரும் கழுத்தைத் துடைத்துப் பார். தொழிற்சாலையில் பொருத்தி முடித்ததும் குழலுக்கும் உடலுக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரு கோடு வெட்டுவார்கள். இரண்டு பாதியும் ஒரே கோடாக நிற்கிறதா என்று எழுது. அதுவரை சுத்தியலைத் தாடியிடமே கொடுத்து வை.

தாடியைப் பற்றி எழுதியிருந்தாய். துப்பாக்கி பூட்டியிருந்ததா? சாவி யாரிடம் இருந்தது? இதை நீ எழுதவே இல்லையே.

இங்கே அத்தானுக்கு முழங்கால் வலி. கடைக்கு வருபவர்கள் இன்னமும் "ஆம்பளை யாரும் இல்லையா?" என்று கேட்கிறார்கள். "இருக்காரு, காபி போட்டுட்டிருக்காரு" என்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். தண்ணீர்ச் சொட்டு நிற்க அரைநாள் ஆயிற்று. முள் அதன் பீடத்தில் ஆடாமல் அசையாமல் இருக்கிறது. குழல்தான் திரும்பியிருக்கிறது. கழுத்தைத் துடைத்தேன். உடலில் இருக்கும் பாதிக் கோடு ஓரிடத்தில், குழலில் இருக்கும் பாதி அதற்கு எட்டாமல் வலப்பக்கம் தள்ளி. திருகி முடிக்காமல் பாதியில் விட்ட மாதிரி இருக்கிறது. குழல்மேல் புதிதாக ஏதோ குறட்டின் பல் பதிந்த தடமும் இருக்கிறது.

சாவி சுவரில் ஆணியில் தொங்கும். தாடி எடுத்திருக்கலாம். வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த மனிதர் எனக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை. நேற்று நான் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றுகொண்டு, "அதை அப்படியே விட்டுடேன்" என்றார். ஏன் என்று கேட்டேன், விறகு எடுக்கப் போய்விட்டார். தான் செய்த கோணலை நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயம் போல.

எப்படித் திருப்புவது என்று யோசித்துவிட்டேன். இரண்டு தடிமனான பலகைகளில் அரைவட்டமாகக் குடைந்து, உள்ளே சைக்கிள் டியூப் வைத்து, குழலை நடுவில் பிடித்து, பெல்ட்டால் இறுக்கி, நீளமான கழி கொண்டு திருப்பலாம். பலகைக்குத் தாடியின் கட்டிலில் கை வைத்தேன். ஒன்று பிளந்துவிட்டது. மனிதர் தரையில் படுக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

புதுப் பலகை வெட்டியிருக்கிறேன். கழியை எந்தப் பக்கம், எவ்வளவு வலுவாகத் தள்ள வேண்டும் என்று மட்டும் எழுது. ரேஞ்சர் தினமும், "முடிஞ்சுதா, முடிஞ்சுதா?" என்கிறார்.

அன்புடன்,
தம்பி


ஜூன் 25

தம்பிக்கு,

கழியைத் தொடாதே. முதலில் இதற்குப் பதில் சொல்.

ஓய்வு பெற்ற ஏட்டையா கடைக்கு வந்திருந்தார். "உன் தம்பி இருக்கிற காட்டுலதாம்மா, தேன் எடுக்கிற ஆள் ஒருத்தனைச் சுட்டுப் போட்டிருக்காங்க. மழையில கிடந்து, ரொம்ப நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. உடம்புல குண்டு இருக்கு. அந்தப் பக்கத்துத் துப்பாக்கி எல்லாத்தையும் சுட்டுப் பார்த்து ஒப்பிடப் போறாங்க" என்றார். அந்த ஆள் செத்தது நீ லீவில் கிளம்பிய நாட்களை ஒட்டித்தான் இருக்கும் என்கிறார்.

இரண்டு கடிதம் எழுதினாய். பல்லைப் பற்றி எழுதினாய், கட்டிலைப் பற்றி எழுதினாய். ஓர் உயிர் போனதைப் பற்றி ஒரு வரி இல்லை. மேலிடத்திலிருந்து பார்க்க வருகிறார்கள் என்றாயே, எதற்கு வருகிறார்கள் என்று ஏன் எழுதவில்லை?

குழல் தானாகத் திரும்பாது. கீழே விழுந்தாலும் திரும்பாது. கழற்றினால்தான் திரும்பும். குண்டில் விழும் கீறல் குழலுக்குக் குழல் வேறுபடும், இது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். குழலை மாற்றிவிட்டால் எந்தத் துப்பாக்கி சுட்டது என்று சொல்ல முடியாது. உங்கள் காட்டில் எத்தனை பேருக்கு இது தெரியும்? குழலைக் கழற்றத் தெரிந்த கை எத்தனை? எனக்குத் தெரிந்து ஒரு கைதான். அதற்குக் கற்றுக்கொடுத்தது நம் அப்பா.

கேட்கக் கூடாதுதான். கேட்காமலும் இருக்க முடியவில்லை. என் வீட்டில் நீ வாய் திறக்காமல் கிடந்தது பல்வலியால் மட்டும்தானா? நீ சுட்டாயா? இருட்டில் மிருகம் என்று நினைத்துச் சுட்டிருந்தாலும் சொல். நான் உன் அக்கா. வக்கீல் வைக்கலாம், வழி பார்க்கலாம். மறைக்க மட்டும் என்னிடம் உதவி கேட்காதே.

அக்கா


ஜூன் 30

அக்காவுக்கு,

நான் சுடவில்லை. இந்த வரியை உனக்கு எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

செத்தவரைப் பற்றி எழுதாததற்குக் காரணம், காட்டில் நான் நகத்தை வெட்டினேன் என்று எழுதினாலே உனக்குத் தூக்கம் போய்விடும் என்பதுதான். நான் லீவில் கிளம்பும்போது யாரும் செத்ததாக எனக்குத் தெரியாது. நான் திரும்பி வந்த பிறகுதான் உடலைக் கண்டுபிடித்தார்கள். வாய் திறக்காமல் இருந்தது பல்வலியால்தான். மருத்துவர் பிடுங்கிய பல்லை நீதானே தாளில் மடித்துக் குப்பையில் போட்டாய்.

உன்மேல் உள்ள கோபத்தில் கைப்பிடி மரத்தையும் கழற்றிப் பார்த்தேன். குழலின் அடியில் எண் இருக்க வேண்டிய இடம் அரத்தால் ராவப்பட்டிருக்கிறது. மேலே ஷூ பாலிஷ் பூசிக் கறுப்பாக்கியிருக்கிறார்கள். என் குழலை எண்ணெய் போட்டுத் துடைத்து வருபவன் நான். இது அந்தக் குழல் இல்லை. உனக்குத் திருப்தியா?

யாரோ கடிதங்களையும் பிரித்துப் படிக்கிறார்கள். நீ அனுப்பியதில் கோந்து இரண்டு முறை தடவியிருந்தது. தாடியைத் தவிர யார்? அந்தக் கடிதத்தை ரேஞ்சர்தான் என் கையில் கொடுத்தார். என் முகம் வாடியதைப் பார்த்து, "அக்கா ரொம்பக் கவலைப்படுறாங்க போல. நீ வேலையை முடிச்சிட்டா எல்லாம் சரியாயிடும்" என்று தட்டிக்கொடுத்தார். அந்த ஆறுதலை நான் உன்னிடமிருந்து எதிர்பார்த்தேன்.

இந்த வாரம் குழலைத் திருப்பி, முள்ளை நேராக்கி, சனியனை விட்டு ஒழிக்கப் போகிறேன். உன் வழி எனக்கு வேண்டாம்.

தம்பி


ஜூலை 4

பாசமுள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு மனம் நிம்மதியானது. ஏதோ வயதான காலத்துப் பயம், கண்டபடி எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் ரேஞ்சர் ஐயா சொல்வதே சரி. சீக்கிரம் வேலையை முடி. ஆனால் வறட்டுத்தனமாகத் திருப்பினால் மரை போய்விடும். அப்பா சொல்வது போல முதலில் மண்ணெண்ணெயில் ஊறப் போடு. நன்றாக ஊறட்டும். அப்பா எப்போது அப்படிச் சொல்வார், எதிரில் யார் இருக்கும்போது சொல்வார் என்பது உனக்கு நினைவிருக்கும். கைராசிக்காரர் அவர்.

பாப்பா பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். ஓடியவர்கள் மூன்று பேர்.

ரேஞ்சர் ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 9

அக்கா,

இதைத் தாடி கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போடவில்லை. அவருக்குச் சாப்பாடு போடு. பலகாரம் எதுவும் வேண்டாம், அவருக்கும் பல் சரியில்லை.

வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது, துப்பாக்கியில் ஏதோ வில்லங்கம் என்று தெரிந்தால் அப்பா நம்மைப் பார்த்து, "மண்ணெண்ணெயில ஊறப் போடுடா" என்பார். அந்த ஆள் போகும்வரை அதை யாரும் தொடக் கூடாது என்று அர்த்தம். படித்ததும் கழியைக் கீழே போட்டுவிட்டேன். எதிரில் யாரோ நிற்கிறார் என்று புரிந்தது. யார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. ஒட்டிய உறைக்குள் நீ கவலைப்பட்டது ரேஞ்சருக்கு எப்படித் தெரியும்?

தாடியிடம் நேராகக் கேட்டேன். "அண்ணே, நான் லீவுல இருந்தப்போ துப்பாக்கியை யார் எடுத்துட்டுப் போனது?" என்றேன். அடுப்பிலிருந்த பானையை இறக்கி வைத்தார். பிறகு சொன்னார்: "ரேஞ்சர்தான். சுத்தம் பண்ணித் தர்றேன்னு ஜீப்புல வச்சார். கொண்டாந்து மாட்டும்போது கையெல்லாம் கிரீஸ். என் வேலை அவர் போடுற கையெழுத்துலதாம்பா இருக்கு. உன்கிட்ட எப்படிச் சொல்வேன்? அதான் அப்படியே விட்டுடுன்னு சொன்னேன்."

இத்தனை நாள் அவரைத்தான் திருடன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலை வேறு உடைத்தேன்.

இப்போது என்ன செய்வது? அடுத்த வாரம் மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள். ரேஞ்சரிடம், "ஊறிக்கிட்டு இருக்கு சார்" என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

தம்பி


ஜூலை 11

தம்பி,

தாடி அண்ணன் சாப்பிட்டார். அத்தானோடு முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். வேகமாக எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கடிதத்திலும் கோந்து இரண்டு முறை தடவியிருந்தது. உன் பக்கமும் என் பக்கமும் ஒரே கை பிரிக்க வேண்டுமானால், தபால் பை யார் ஜீப்பில் போய்வருகிறதோ அந்தக் கையாகத்தான் இருக்கும். அவர் உன்னைத் தட்டிக்கொடுத்ததைப் படித்ததும்தான் மண்ணெண்ணெயில் ஊறப் போடு என்று எழுதினேன்.

கவனமாகக் கேள். அவர் துப்பாக்கியும் உன் துப்பாக்கியும் ஒரே ரகம் என்கிறார் தாடி அண்ணன். சுட்ட குழல் இப்போது உன் துப்பாக்கியில் இருக்கிறது. வைஸ் இல்லாமல் அவசரத்தில் திருகியதால் கோடு சேரவில்லை, முள் சாய்ந்துவிட்டது. அந்தச் சாய்வுதான் உனக்குச் சாட்சி. அதை நீ நிமிர்த்திவிட்டால், மாற்றியதற்கு அடையாளம் இருக்காது. மிஞ்சுவது உன் பலகையும் உன் பெல்ட்டும்தான். துப்பாக்கிக் கடை வீட்டுப் பையன், தானே குழலில் கை வைத்தான் என்பார்கள். அதற்காகத்தான் உன்னையே செய்யச் சொன்னார்.

ஆகவே கோணலாகவே கொடு. சோதனைக்கூடத்து ஆட்களிடம் நேராகக் கொடு, அவர் கை வழியாக வேண்டாம். இரண்டு துப்பாக்கியின் குழலையும் முழுவதுமாகக் கழற்றச் சொல். ராவிய எண் போனால் போகட்டும். கழுத்துக்கு உள்ளே, மரைக்குப் பக்கத்தில் அதே எண் இன்னொரு முத்திரையாக இருக்கும். கழற்றினால்தான் தெரியும், அது அவருக்குத் தெரியாது என்று நம்புகிறேன். ஏட்டையா மேலிடத்தில் தனக்குத் தெரிந்தவரிடம் பேசுகிறேன் என்று கிளம்பியிருக்கிறார்.

உன்னைக் கேட்ட அந்தக் கேள்விக்கு மன்னிப்புக் கேட்க இந்தத் தாள் போதாது. நீ வா. நேரில் கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 27

அக்காவுக்கு,

எல்லாம் முடிந்துவிட்டது. ஏட்டையா சொல்லி உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் எழுதுவதுதான் முறை.

ரேஞ்ச் அலுவலக முற்றத்தில் மேசை போட்டிருந்தார்கள். போலீஸ் அதிகாரி, சோதனைக்கூடத்திலிருந்து ஓர் அம்மாள், எங்கள் காவலர்கள் எல்லோரும். என் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தார்கள். கீறல் ஒத்துப்போகிறது என்று அந்த அம்மாள் சொன்னதும் முற்றமே என்னைத் திரும்பிப் பார்த்தது. குழல் மாற்றப்பட்டது என்று நான் சொன்னேன். ரேஞ்சர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு போனை எடுத்தார். உன் கடிதத்தைப் படம் பிடித்து வைத்திருந்தார்.

"நான் சொல்லல சார். இவன் கூடப் பிறந்த அக்காவே என்ன எழுதியிருக்காங்கன்னு கேளுங்க" என்று சொல்லி உரக்கப் படித்தார். "குழலைக் கழற்றத் தெரிந்த கை எத்தனை? எனக்குத் தெரிந்து ஒரு கைதான்" என்று படித்தார். வாய் திறக்காமல் கிடந்ததையும் படித்தார். நிறுத்தி நிறுத்தி, நன்றாகவே படித்தார். உன் எழுத்து எல்லோருக்கும் புரிந்தது. அதிகாரி என் துப்பாக்கியை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார்.

அப்போது தாடி முன்னால் வந்தார். "அக்கா தூரத்துல இருந்து எழுதினாங்க சார். நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்" என்று தொடங்கி, ஜீப், கிரீஸ் எல்லாவற்றையும் சொன்னார். வேலை போனால் போகட்டும் என்றும் சொன்னார். அதன் பிறகுதான் அந்த அம்மாள் இரண்டு குழலையும் கழற்றினார். நீ சொன்ன இடத்தில் முத்திரை இருந்தது. ரேஞ்சரின் துப்பாக்கியில் இருந்தது என் குழல். ரேஞ்சர் ராத்திரியில் மரம் கடத்தும் லாரிகளை விட்டதைத் தேன் எடுப்பவர் பார்த்துவிட்டாராம். ரேஞ்சரை அவருடைய ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

என்னைக் காப்பாற்றியது உன் மூளை. அதில் சந்தேகமில்லை. உன் கேள்வியும் தப்பில்லை. உன் இடத்தில் யார் இருந்தாலும் கேட்டிருப்பார்கள் என்று தாடியும் சொல்கிறார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் முற்றத்தில் நின்றபோது, ரேஞ்சரின் பொய்யை நிமிர்ந்து நின்றுதான் கேட்டேன். உன் வரிகளைக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன். அதை எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

இந்த முறை லீவுக்கு வரவில்லை. அத்தானை முழங்காலைக் கவனிக்கச் சொல். பாப்பாவுக்கு ஒரு தவிட்டுக்குருவி இறகு வைத்திருக்கிறேன்.

எங்கள் இருவரையும் வேறு காட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். போன வாரம் புது அலுவலகத்தில் சேர்ந்தோம். எழுத்தர், "உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குத் தகவல் சொல்லணும்?" என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இதற்கு உன் பெயரைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். வாய்வரைக்கும் வந்தது. பக்கத்தில் பெட்டியோடு நின்றிருந்த தாடியைக் காட்டி அவர் பெயரைச் சொன்னேன்.

"என்ன உறவு?" என்றார் எழுத்தர்.

"அண்ணன்" என்றேன்.

இப்படிக்கு,
தம்பி